லாக்ளோஷ் திடலுக்கு ஐஸ் போடுவது யார்?

ஐந்தாவது தூர்த்தியேர் வந்து சேர்ந்தபோது ரெஜானின் வீட்டுக் குளிர்பெட்டியில் இடமில்லை. வாசல் படியிலேயே வைத்துவிட்டான். வெளியே மைனஸ் இருபத்தாறு. ஜனவரி மாதத்து லாக்ளோஷில் தெருவே குளிர்பெட்டிதான்.

பன்றிக்கொத்தும் கிராம்பும் அடைத்துச் சுட்ட அந்தக் கனமான பண்டத்தின் மேல் ஒரு அட்டை செருகியிருந்தது. ‘திடலில் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கிறது. உங்கள் கைகளைக் கடவுள் காப்பாராக. – பிலோமென்.’

ரெஜான் தன் கைகளைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எறும்புத்தலை அளவு திருகாணிகளை முடுக்கும் கைகள். இந்தக் குளிர்காலத்தில் அவை, தண்ணீர் விட்டு உறையவைக்கும் அந்தச் சறுக்குத் திடலில் ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை.

“இன்னொண்ணா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் அவன் மனைவி சொலாஞ்ச்.

“இன்னொண்ணு.”

“உண்மையச் சொல்லித் தொலையேன்.”

“சொன்னேனே! நேத்து ரொட்டிக் கடையில வச்சு, ‘மதாம் பிலோமென், சத்தியமா நான் ஐஸ் போடல’ன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“‘இவ்வளவு அடக்கமான மனுஷன நான் பார்த்ததே இல்ல’ன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. கூட ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தாங்க.”

“அதையும் வாங்கிட்டு வந்துட்ட.”

“சூடா இருந்துச்சு, சொலாஞ்ச்.”

ரெஜான் திடல் கமிட்டியின் தலைவர். ஆனது ஆசைப்பட்டு அல்ல. லாக்ளோஷில் எந்தப் பதவிக்கும் யாரும் போட்டியிடுவதில்லை. தேர்தல் நேரத்தில் அறைக்குள் இல்லாதவர் எவரோ, அவரே ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். அதனால் கூட்டம் முடியும்வரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டாவது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே குடிவந்து நான்கு வருடமான ரெஜானுக்கும் இது தெரியும். ஆனாலும் நவம்பர் கூட்டத்தின் நடுவே, கார் எஞ்சின் உறையாமலிருக்க ஒயரைச் சுவரில் சொருகினோமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஒரு நிமிடம் வெளியே போனான். ஒயர் சொருகித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

டிசம்பரில் ஒரு காலை திடலில் ஐஸ் இருந்தது. வழவழவென்று, வானத்தைப் பிடித்துப் படுக்கவைத்த மாதிரி. பழைய ஆட்கள் யாரோ போடுகிறார்கள் என்று ரெஜான் நினைத்துக்கொண்டான். புதுத் தலைவர் போடுகிறார் என்று பழைய ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். தூர்த்தியேர்கள் வரத் தொடங்கின.

அவன் அந்தத் திடலுக்கு ஏற்கெனவே ஒரு கடன் பட்டிருந்தான். போன குளிர்காலத்தில் சொலாஞ்சுக்குப் பெரிய அறுவை சிகிச்சை. மூன்று மாதம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பேச்சு குறைந்தது, சாப்பாடு அதைவிடக் குறைந்தது. மார்ச்சில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, ஒன்றுமே சொல்லாமல் சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த திடலுக்குப் போனாள். சின்னப் பிள்ளைகள் சறுக்கப் பழகுகிற மாதிரி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினாள். கன்னம் சிவக்கத் திரும்பி வந்து, “முட்டை இருக்கா? மூணு போடு” என்றாள். ரெஜான் முட்டை உடைத்தபடி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதான். அன்றிலிருந்து எட்டு மணி என்றால் அவளுக்குத் திடல்தான். யார் அந்த ஐஸைப் போட்டார்களோ, அவர்கள் காலில் விழவும் ரெஜான் தயார். கால் யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது.

திடலோரத்து மரக்குடிலில், விறகடுப்பைச் சுற்றி நின்ற பதினான்கு பேருக்கு ரெஜான் அதைப் படித்துக் காட்டினான். பேட்டைத் திடல்கள் அத்தனையையும் இனி நகராட்சியே நடத்தும். ஐஸ் போடுபவரின் பெயரைப் பதிந்து, சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி முன்னால் போட்டும் காட்டுகிற பேட்டைகளுக்கு மட்டும் விலக்கு. நகராட்சித் திடல்கள் பதினொன்று முதல் நான்கு மணி வரை திறந்திருக்கும். குடில் பூட்டப்படும். ஹாக்கி மட்டைக்கு அனுமதியில்லை.

“ஹாக்கிக்குத் தடையா?” என்றார் ஒஸ்டாப். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், முன்னாள் தலைவர். “அப்புறம் ஐஸ் எதுக்கு? விஸ்கியில போட்டுக்கவா?”

ரெஜானுக்கு ஹாக்கி கண்ணில் படவில்லை. ‘பதினொன்று முதல்’ என்ற எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொலாஞ்ச் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவள்.

“எதுக்குப்பா முழிக்கிற?” என்று அவன் முதுகில் தட்டினார் மதாம் பிலோமென். “சனிக்கிழமை நீ போட்டுக் காட்டு. அவங்க வாயப் பொளக்கட்டும்.”

“மதாம், நான்தான் சொன்னேனே, நான் வந்து...”

கதவு திறந்தது. மஞ்சள் மேலங்கியும் கையில் படிவம் செருகிய அட்டையுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத நிழல்.

“சிக்ரூன் ஹால்டோர்சன். நகராட்சி. ஐஸ் போடுறது யாரு?”

“ரெஜான்!” என்றார்கள் பதினான்கு பேரும் ஒரே குரலில்.

அவள் ரெஜானைப் பார்த்தாள். வேண்டிய அளவுக்கு மேலேயே பார்த்தாள்.

“நீங்களா?”

இல்லை என்றால் இந்த நிமிடமே திடல் போய்விடும். அவன் தலை தானாக ஆடியது.

“எத்தனை மணிக்குத் தண்ணி விடுவீங்க?”

“எட்டு... எட்டரை.”

“எட்டு மணிக்கு ஆள் சறுக்கிட்டிருக்குமே?”

“ஏழே முக்கால்.”

“அது உறைய நேரம் வேணாமா?”

“எங்க பேட்டைத் தண்ணி சட்டுனு உறைஞ்சிடும், மேடம்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினாள். கோபம் என்று ரெஜானுக்குப் பட்டது. அவள் பின்னாலேயே கார்வரை ஓடினான்.

“மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். போடுறது யாருன்னே தெரியாத பேட்டைக்கு என்ன ஆகும்?”

“பேர் இல்லன்னா திடல் நகராட்சிக்கு. விதி.”

“சரி, எப்படிப் போடணும்னு நீங்களே ஒரு தடவை... சும்மா, குழாயப் பிடிச்சுக் காட்டினா...”

“நகராட்சி ஆள் பேட்டைத் திடல்ல குழாயத் தொடக் கூடாது. தொட்டா வேலை போயிடும். அதுவும் விதிதான்.” கார் கதவைச் சாத்தினாள். “நல்லாத் தூங்குங்க, ரெஜான். பார்த்தாலே தெரியுது, ரொம்ப சீக்கிரம் எழுந்திருக்கிறீங்க.”

அன்று மாலை சொலாஞ்ச் ஒரு வழி சொன்னாள்.

“தேடிப் பிடிக்காதே. நன்றி சொல்லு. நல்லா நன்றி சொன்னா ஆள் தானா வெளிய வரும்.”

ரெஜான் ஒரு பிளாஸ்க் நிறையக் காபி போட்டான். ஆறு கரண்டி சர்க்கரை.

“அது காபியா, பாகா?”

“நன்றி சொல்லும்போது கரண்டி எண்ணக் கூடாது, சொலாஞ்ச்.”

அடியில் ஒரு அட்டை வைத்தான். ‘ஐஸ் போடும் அன்பருக்கு. உங்களால்தான் என் மனைவி மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். யார் நீங்கள்?’ பிளாஸ்கைக் குடிலின் அடுப்போரம் வைத்துவிட்டு, சாவியை வழக்கம்போல் உடைந்த வாளிக்கு அடியில் ஒளித்தான். அது லாக்ளோஷ் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

செவ்வாய்க்கிழமை காலை பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்திருந்தது. அட்டையின் பின்னால் பென்சிலில் பதில்: ‘எனக்கு நன்றி வேண்டாம். இந்த ஐஸில்தான் நான் நிற்கக் கற்றுக்கொண்டேன். சர்க்கரை அதிகம்.’

ரெஜானுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு கரண்டியை ஐந்தாக்கி மறுபடி எழுதினான். ‘சனிக்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா? உங்கள் பெயர் இல்லாவிட்டால் திடல் போய்விடும்.’

புதன்கிழமை பதில்: ‘அன்று எனக்கு வேலை. நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். மெல்லிசாக விடுங்கள், கெட்டியாக விட்டால் உள்ளே காற்று நிற்கும். கிழக்கு மூலை பள்ளம், அங்கே இரண்டு முறை. முடிந்ததும் குழாயில் தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்னும் சர்க்கரை அதிகம்.’

“குழாயப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவர் ஒஸ்டாப்தான்!” என்று ரெஜான் ஒரு குவளைக் காபியோடு அவர் வீட்டுக்கு ஓடினான். ஒஸ்டாப் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

“ஏம்பா, சர்க்கரை விலை ஏறிடுச்சா?”

ஒஸ்டாப் இல்லை.

வேறு வழியின்றி அன்று மாலையே குழாயைத் தூக்கினான். மெல்லிசாக என்பதைப் படித்தவன்தான், ஆனால் பயத்தில் கை குழாயை முழுக்கத் திறந்துவிட்டது. மேற்கு ஓரத்தில் வெள்ளம் போல் விட்டுவிட்டு, குளிர் தாங்காமல் குழாயை அப்படியே போட்டு வீட்டுக்கு ஓடினான். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேலே ஒரு தோல், கீழே காற்று. கூட வந்த ஒஸ்டாப் காலை வைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. குழாய் முழுக்க உறைந்து, விழுந்த சுருளாகவே இரும்பு போல் விறைத்துக் கிடந்தது. அதை உருக்கவேண்டுமே என்று வரவேற்பறைக்குத் தூக்கி வந்து ஹீட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்தான். உருகியது. எழுபது மீட்டர்க் குழாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை அவர்கள் வீட்டுக் கம்பளம் அறிந்துகொண்டது.

“கதவத் திறந்து வை,” என்றாள் சொலாஞ்ச், சோபாவின் மேல் காலைத் தூக்கிக்கொண்டு. “வீட்டுக்குள்ளயே ஒரு திடல் ஆயிடும். நகராட்சி தொல்லை இருக்காது.”

வியாழக்கிழமை ஒளிந்திருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். விடியற்காலை ஐந்துக்கே, உருகிய குழாயைத் திரும்பக் கொண்டு வைத்துவிட்டுக் குடிலுக்குள் போய், பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சன்னலையே பார்த்தபடி உட்கார்ந்தான். அடுப்பு இதமாக இருந்தது. வெளியே பனித்தூள் தங்கப்பொடி போல் விளக்கடியில் மிதந்தது. கண்ணைச் சிமிட்டினான்.

சிமிட்டித் திறந்தபோது மணி ஏழே கால். மேல் ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. மேற்கு ஓரத்து அப்பளமெல்லாம் காணோம். ஒரே சீராகப் புது ஐஸ். பிளாஸ்க் காலி. அதன் கீழ் ஒரு சீட்டு: ‘நன்றாகக் குறட்டை விட்டீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. சர்க்கரை!’

சனிக்கிழமை பத்து மணிக்கு லாக்ளோஷ் முழுக்கத் திடலைச் சுற்றி நின்றது. மதாம் பிலோமென் ஆறாவது தூர்த்தியேரைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பக்கத்துத் தெரு நர்ஸ் லிகாயா, இரவு வேலை முடிந்த சீருடையோடே வந்து நின்றாள். சிக்ரூன் அட்டையைத் திறந்தாள்.

“ஆரம்பிங்க.”

ரெஜான் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தான். மெல்லிசாக. மிக மெல்லிசாக. தண்ணீர் பட்டு விரித்தாற்போல் பரவியது. கூட்டம் ‘ஆ’ என்றது. அவனுக்கே நெஞ்சு நிறைந்தது. வாசலில் தொடங்கி, பின்னால் அடியெடுத்து வைத்து, அழகாக, வரிசையாக, பாதித் திடல், முக்கால் திடல்...

முதுகில் பலகை இடித்தது.

திரும்பிப் பார்த்தான். தூர மூலை. ஐஸ் போடுகிறவன் தூர மூலையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். அவன் வாசலில் தொடங்கியிருந்தான். முன்னால் அறுபது மீட்டர் ஈரம்.

“அங்கேயே நில்லு!” என்று கத்தினார் ஒஸ்டாப். “நடந்தா எல்லாம் போச்சு!”

நின்றான். மைனஸ் இருபத்தெட்டில் ஈர பூட்ஸோடு நின்றான். காலை அசைத்துப் பார்த்தபோது அசையவில்லை. லாக்ளோஷ் திடல் தன் தலைவரை இரண்டு காலிலும் பிடித்துவைத்துக்கொண்டது.

“தினமும் இப்படித்தான் போடுவீங்களா, ரெஜான்?” என்று அந்தக் கோடியிலிருந்து கேட்டாள் சிக்ரூன்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். சொலாஞ்ச் கையில் நாற்காலியோடு நின்றிருந்தாள். அவனுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அறுபது மீட்டருக்குக் கேட்க வேண்டியிருந்ததால் உண்மையைக் கத்தித்தான் சொன்னான்.

“நான் இல்ல! ஒருநாள்கூட நான் போட்டதில்ல! யாருன்னு எனக்குத் தெரியாது! என் பொண்டாட்டி உசுரோட சிரிச்சிக்கிட்டு இருக்கான்னா அது அவரால! அவருக்கு வந்த அஞ்சு தூர்த்தியேரையும் நான் தின்னுட்டேன்! மன்னிச்சிடுங்க மதாம்! எல்லாமே நல்லா இருந்துச்சு!”

 பிறகு ஒஸ்டாப் தொப்பியைக் கழற்றினார்.

“ஆறு வருஷம் நான் தலைவரா இருந்தேன்,” என்றார். “நானும் போட்டதில்ல. பிலோமென் குடுத்தா, தின்னேன்.”

“அடப்பாவி! அதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் இருந்தாரே?” என்றார் மதாம் பிலோமென்.

“அவர்கிட்ட இருந்துதான் நானே கத்துக்கிட்டேன். ‘வாய மூடிட்டு வாங்கிக்கோ’ன்னார்.”

சிக்ரூன் அட்டையைத் தட்டினாள். “பேர் வேணும். பேர் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது.”

“என் பேர எழுதுங்க,” என்றார் மதாம் பிலோமென். “செவ்வாக்கிழமை நான் விடுறேன். பத்து தூர்த்தியேர் சுடுற கைக்குக் குழாய் ஒரு கனமா?”

“திங்கக்கிழமை என்னுது,” என்றார் ஒஸ்டாப். “ஆறு வருஷக் கடன்.”

“புதன், நான் டியூட்டி முடிஞ்சு வர்ற வழியில,” என்றாள் லிகாயா. வியாழனுக்கு ரொட்டிக் கடைக்காரர் கை தூக்கினார். வெள்ளிக்கு சொலாஞ்ச். “சனி!” என்று மூலையிலிருந்து கத்தினான் ரெஜான். “இந்த பூட்ஸ்லருந்து வெளிய வந்தா!”

சிக்ரூன் கடிதத்தை ஒரு தடவை படித்தாள். “‘ஐஸ் போடுபவரின் பெயர்’னு இருக்கு. ஒருத்தர்தான் போடணும்னு எங்கயும் இல்ல.” வரிசையாக எழுதினாள். “ஞாயிறு?”

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். “பூசை இருக்கு,” என்று முணுமுணுத்தார் மதாம் பிலோமென்.

“சரி, காலியா இருக்கட்டும்.”

“விதி ஒத்துக்குமா?” என்றார் ஒஸ்டாப்.

“விதியப் படிக்கிறவ நான்தானே.” அவள் அதற்குள் உறைந்துவிட்ட திடலுக்குள் இறங்கிக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள். “கிழக்கு மூலை இன்னும் பள்ளம். மத்தபடி நிக்கும்.” கையெழுத்துப் போட்டாள்.

அப்போது எழுந்த சத்தத்தில் ஆற்றங்கரைக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. சொலாஞ்ச் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு புது ஐஸில் சறுக்கி மூலைக்கு வந்தாள். ரெஜான் பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். திடலின் முழு நீளத்துக்கும் அவனைத் தள்ளி வந்தாள். வழியெல்லாம் சிரித்தாள். அவன் கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

“யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடுச்சே, சொலாஞ்ச்,” என்றான்.

“தெரியலன்னா என்ன? ஊர்ல எல்லாருக்கும் நன்றி சொல்லிடு. அதுல அவரும் இருப்பாரு.”

அது சரியென்று பட்டது. குடிலில் மதாம் பிலோமென் தூர்த்தியேரை வெட்டினார். ரெஜான் பிளாஸ்கைத் திறந்து வரிசையாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே போனான். கடைசியாக, அடுப்போரம் குளிர்காய்ந்துகொண்டிருந்த அதிகாரிக்கும் ஒரு குவளையை நீட்டினான்.

சிக்ரூன் ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

“மூணு தடவை எழுதிட்டேன், ரெஜான்,” என்றாள் மெதுவாக. “இன்னும் சர்க்கரை ஜாஸ்தி.”